டைமர் வைத்துப் படிப்பதில் சிக்கலா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

எங்கள் ஊர் நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வருகிற பலரின் மேசையில் டைமர் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாள் கழித்து அவர்களில் ஒருவர் வந்து, "அக்கா, இது எனக்கு செட் ஆகலை" என்பார். என்ன ஆகவில்லை என்று கேட்டால் பதில் கிட்டத்தட்ட எப்போதும் கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன்.

முறை சின்னது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் இடைவேளை. இது ஒரு சுற்று. நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை பெரிய இடைவேளை. 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது. பொமோடோரோ என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள்.

சரிசெய்யத் தொடங்கும் முன் ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு சுற்று முழுதாக முடிந்தால் ஒரு பெருக்கல் குறி. நடுவில் உங்கள் மனமே வெளியே ஓடினால் ஒரு மேற்புள்ளி ('). வேறு யாராவது கலைத்தால் ஒரு சிறு கோடு. இந்தத் தாள் இல்லாமல் "கவனம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் எங்கே பழுது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று: ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிமிடத்தையும் இடத்தையும் பாடத்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

மணி அடிக்கவே இல்லை, அல்லது தாமதமாக அடிக்கிறது

இதில் உங்கள் மேல் குறையே இல்லை, கருவியைப் பாருங்கள்.

போனில் தனிச் செயலி என்றால்: முதலில் ஒலியைப் பாருங்கள். அலாரத்துக்கும் நோட்டிஃபிகேஷனுக்கும் ஒலி அளவு தனித்தனி. பல டைமர் செயலிகள் நோட்டிஃபிகேஷன் ஒலியில்தான் அடிக்கும். போனை சைலன்ட்டில் போட்டால் அதுவும் அடங்கிவிடும். ஒலி சரியாக இருந்தால் அடுத்தது பேட்டரி. திரை அணைந்ததும் போனே செயலியை மூடிவிடுவது ஆண்ட்ராய்டில் சர்வ சாதாரணம். செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். அங்கேயே 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' அனுமதி இருந்தால் அதையும் கொடுங்கள். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் போனோடு வந்த கடிகாரச் செயலியின் டைமரே போதும். அதை போன் மூடாது.

கணினியில் உலாவியின் ஒரு தாவலில் டைமர் ஓடினால், நீங்கள் வேறு தாவலுக்குப் போனதும் உலாவி அதன் வேகத்தைக் குறைத்துவிடும். குரோமில் மணி ஒரு நிமிடம் வரை பிந்தலாம். மடிக்கணினி உறங்கிவிட்டால் அடிக்கவே அடிக்காது. தனிச் சாளரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்.

திருகுகிற சமையலறை டைமர் வாங்கியவர்கள் நேராக 25இல் நிறுத்துவார்கள். பல டைமர்களில் முதலில் கடைசிவரை திருகி, அப்புறம் திரும்ப 25க்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் சுருள்வில் முழுதாக முறுக்கேறாமல் மணி பாதியில் செத்துப்போகும். டிக் டிக் சத்தம் தொந்தரவு என்றால் ஒரு துண்டின் மேல் வையுங்கள். நூலகத்துக்கு மட்டும் அதைக் கொண்டுவராதீர்கள், பக்கத்து மேசைக்காரர் பாவம்.

டைமரை வைத்தாகிவிட்டது, ஆனால் தொடங்க முடியவில்லை

தாளில் இந்தச் சுற்றுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். "பாலிட்டி படிக்க வேண்டும்" என்று இருந்தால் காரணம் அதுதான். அது ஒரு மாத வேலை. "அடிப்படை உரிமைகள், பிரிவு 14 முதல் 18 வரை, பிறகு அதிலிருந்து பத்து கேள்வி" என்று எழுதினால் கை தானாகப் புத்தகத்தைத் திறக்கும். ஒரு வேலைக்கு ஐந்து முதல் ஏழு சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் அதை உடைக்க வேண்டும் என்பது சிரில்லோவின் கணக்கு. இந்தப் பாடத்திட்டத்துக்கு என் கணக்கு இன்னும் கறாரானது: மூன்று சுற்றைத் தாண்டினால் உடைத்துவிடுங்கள்.

வேலை சிறிதாக இருந்தும் உட்கார முடியவில்லையா? 25ஐ 10 ஆக்குங்கள். பத்து நிமிடத்துக்கு மறுப்புச் சொல்வது மனதுக்குக் கொஞ்சம் கஷ்டம். நாலைந்து நாளில் 15, அப்புறம் 20 என்று ஏற்றிக்கொள்ளலாம்.

அதுவும் பலிக்கவில்லை என்றால், ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு மட்டும்தானா என்று பாருங்கள். தமிழுக்கு உட்கார முடிகிறது, கணக்குக்கு மட்டும் முடியவில்லை என்றால் அங்கே டைமர் எதுவும் செய்ய முடியாது. அடிப்படை எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சமச்சீர் ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்புங்கள். அங்கேயும் புரியவில்லை என்றால் ஒரு கணக்கு ஆசிரியரிடம் அந்தத் தலைப்புக்கு மட்டும் சில வகுப்பு போங்கள். முழுப் பயிற்சி மையக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

பத்தாவது நிமிடத்தில் கை போனுக்குப் போகிறது

தாளில் மேற்புள்ளிகள் குவிந்திருக்கும்.

போன் எங்கே இருக்கிறது? மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன் என்பது பதிலாகாது. வேறு அறையில், அல்லது பையின் அடியில், ஜிப் போட்டு. டைமரே போனில்தானே இருக்கிறது என்பார்கள். நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்கு மின்னணு டைமர் கிடைக்கிறது. இந்த முறைக்காக நீங்கள் செலவழிக்க வேண்டிய பணம் இவ்வளவுதான். அதுவும் வேண்டாம் என்றால் சுவர்க் கடிகாரம்.

போனைத் தூரமாக வைத்தும் மேற்புள்ளி குறையவில்லை என்றால், மனம் எதற்காக ஓடுகிறது என்று எழுதுங்கள். "ஹால் டிக்கெட் வந்துவிட்டதா", "ஈ.பி. பில் கட்டவில்லை", "அவள் ஏன் பதில் போடவில்லை." எழுதிவிட்டு உடனே திரும்புங்கள். இவற்றுக்குப் பெரிய இடைவேளையில் பதில் தேடலாம். எழுதிவைத்ததில் பாதி, அந்த நேரம் வரும்போது முக்கியமில்லாமல் போயிருக்கும்.

பாடமே யூடியூபில்தான் பார்க்கிறேன் என்பவர்கள் காணொளிக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். டைமர் சுற்றில் புத்தகமும் பேனாவும் மட்டும்.

வீட்டில் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்

தாளில் கோடுகள் அதிகமாக இருந்தால் இது உங்கள் கவனக் கோளாறு இல்லை. அதனால் தியானம், நெல்லிக்காய் எதற்கும் போக வேண்டாம்.

முதல் சோதனை: நீங்கள் படிப்பது மற்றவர்களுக்குத் தெரிகிறதா? கூடத்தில் சோபாவில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர் வீட்டாருக்குச் சும்மா இருப்பவராகத்தான் தெரிவார். ஒரு மூலை, ஒரு நாற்காலி, தினமும் அதே இடம்.

அடுத்தது நேரம் சொல்வது. "அப்புறம் வரேன்மா" என்றால் அம்மா ஐந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிடுவார். "எட்டு இருபதுக்கு வரேன்மா" என்று சொல்லி, எட்டு இருபதுக்குப் போய் நில்லுங்கள். போகாவிட்டால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது. பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

தள்ளிப்போட முடியாதது வந்தால், கேஸ் சிலிண்டர், அழுகிற குழந்தை, எழுந்து போங்கள். அந்தச் சுற்று கணக்கில் சேராது. திரும்பி வந்து மிச்சம் 11 நிமிடத்தை ஓட்ட வேண்டாம், புதிதாகத் தொடங்குங்கள்.

சின்னக் குழந்தை உள்ள பெண்களிடம் 25 நிமிடம் என்று பேசுவதே நியாயமில்லை. அவர்களுக்கு 15/3, அதாவது 15 நிமிடம் படிப்பு, 3 நிமிடம் இடைவேளை, நன்றாகப் போகிறது. அதிகாலையில் இரண்டு சுற்று, குழந்தை பள்ளிக்குப் போனதும் நான்கு சுற்று என்று பிரித்துக்கொண்டவர்கள், நாள் முழுக்க முயன்று எரிச்சலானவர்களைவிட அதிகம் படிக்கிறார்கள். இதற்கும் வழியில்லை என்றால் நூலகம்தான். மாவட்ட மைய நூலகங்களில் போட்டித் தேர்வுப் பகுதி இருக்கிறது, சொந்தப் புத்தகத்தையும் எடுத்துப் போய்ப் படிக்கலாம்.

ஐந்து நிமிட இடைவேளை நாற்பது நிமிடம் ஆகிவிடுகிறது

என்னிடம் வருகிற புகார்களில் அதிகமானது இது. வருகிறவர்கள் யாரும் இப்படிச் சொல்வதில்லை. "25 நிமிடம் எனக்குப் போதவில்லை", "ஒரு நாளைக்கு நாலு சுற்றுக்கு மேல் போக மாட்டேங்குது" என்பார்கள். தாளில் ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய நேரத்தை எழுதச் சொல்வேன். 9.00, 9.30, அடுத்தது 10.40. படிப்பு உடைந்த இடம் அங்கேயே தெரிந்துவிடும்.

இடைவேளைக்கு டைமர் வைத்தீர்களா? வேலைக்கு மட்டும் வைத்துவிட்டு ஓய்வைக் குத்துமதிப்பாக விடுபவர்கள்தான் அதிகம். ஐந்து நிமிடத்துக்கும் மணி வையுங்கள், டைமரைப் படிக்கிற மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போங்கள். அதை அணைக்கவாவது மேசைக்கு வந்தாக வேண்டும்.

வைத்தும் நீள்கிறது என்றால் இடைவேளையில் என்ன செய்கிறீர்கள்? ரீல்ஸுக்கு முடிவு கிடையாது, வாட்ஸ்அப் குழுவுக்கும் கிடையாது. தானாக முடிகிற வேலையைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் பாட்டிலை நிரப்புவது, மாடிப்படி ஒரு தடவை ஏறி இறங்குவது, கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிப்பது, முகம் கழுவுவது. சலிப்பாக இருக்கிறதா? நல்லது. இடைவேளை படிப்பைவிடச் சுவாரசியமாக இருந்தால் திரும்பி வர மாட்டீர்கள். கட்டிலில் சாய்வது கணக்கிலேயே சேராது. ஐந்து நிமிடத்துக்குப் படுத்து ஐந்து நிமிடத்தில் எழுந்தவரை நான் பார்த்ததில்லை.

நூலகத்தில் படிப்பவர்களுக்கு வேறு வகைத் தொல்லை, டீக்கடை. கூட வருகிறவர் கட்-ஆஃப் எவ்வளவு, போன தடவை எத்தனை இடம், அறிவிப்பு எப்போது என்று ஆரம்பிப்பார். டீக்கடையைப் பெரிய இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சேர்ந்து போகிறவரின் சுற்று உங்கள் சுற்றோடு ஒத்துப்போக வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் டைமர் வைத்தால் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வரலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரும்ப மனமில்லை என்றால், அடுத்த சுற்றில் என்ன செய்வது என்பது மங்கலாக இருக்கிறது. எழுந்திருக்கும் முன் அடுத்த சுற்றின் முதல் வேலையைத் தாளில் எழுதுங்கள். "பக்கம் 112, மூன்றாவது கணக்கு." புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே திறந்து வைத்து, மேலே பேனாவை வைத்துவிட்டுப் போங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பலனா என்று பலர் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

இதிலும் சரியாகவில்லை என்றால் அடுத்த வழிக்குக் கொஞ்சம் செலவு ஆகும். தேர்வு முடியும்வரை ஸ்மார்ட்போனை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பொத்தான் போனுக்கு மாறுங்கள். அதையும் செய்ய முடியவில்லை, இரவு இரண்டு மணிவரை போன் ஓடுகிறது, வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் டைமரை மூடி வைத்துவிட்டு ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டிய கட்டம் அது.

நன்றாகப் போகும்போது மணி அடித்துக் கெடுக்கிறது

இது நல்ல பிரச்சினை. மணி அடித்தால் பாதி வரியிலும் நிறுத்த வேண்டும் என்பது மூல விதி. படிப்புக்கு அதைப் பின்பற்றலாம். விட்ட இடத்தை ஒரு வரியில் குறித்துவிட்டு எழுங்கள். கணக்குக்கு நான் அந்த விதியைச் சொல்வதில்லை. கூட்டு வட்டிக் கணக்கைப் பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான் போட வேண்டும். கையில் இருக்கிற ஒரு கணக்கை முடித்துவிட்டு எழுங்கள், அடுத்ததைத் தொடாதீர்கள்.

தினமும் இப்படியே ஆகிறது, தாளில் மேற்புள்ளியும் அதிகம் இல்லை என்றால் 50/10க்கு மாறுங்கள். மேற்புள்ளிகள் நிறைய இருக்கும்போது 50க்குப் போக ஆசைப்படுபவர்கள் உண்டு. அவர்கள் முதலில் போனைத் தூர வைக்கட்டும்.

மதியத்துக்குப் பிறகு ஒரு சுற்றும் நிற்பதில்லை

உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு. மதியம் வாசிக்கிற வேலையை வைக்காதீர்கள். எழுதுகிற வேலை, கணக்கு, பழைய வினாத்தாள் இவற்றை அங்கே தள்ளுங்கள். சோற்றின் அளவைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் கண் சொக்கினால் அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்கிவிடுங்கள், புத்தகத்தின் மேல் ஒரு மணி நேரம் தலையாட்டுவதைவிட லாபம். மாலை நாலரைக்கு மேல் டீ, காபி வேண்டாம். அது இரவுத் தூக்கத்தைத் தின்றுவிட்டு, மறுநாள் மதியம் இதே தலைப்பின் கீழ் உங்களை மறுபடி கொண்டுவந்து நிறுத்தும்.

இரவில் ஏழு மணி நேரம் தூங்கியும் காலையிலிருந்தே அசதி என்றால் மருத்துவரிடம் போங்கள். முக்கியமாகப் பெண்கள் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனை உண்டு. தைராய்டு, சர்க்கரை இவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். பலமாகக் குறட்டை விட்டு, எழுந்ததும் தலை பாரமாக இருப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சுற்று நிறைய, மனதில் ஒன்றும் இல்லை

தாளில் பத்து, பன்னிரண்டு பெருக்கல் குறி இருக்கும், மாடல் டெஸ்ட் மதிப்பெண் நகராது. ஒவ்வொரு சுற்றின் கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த 20 நிமிடம் கண் மட்டும் வேலை செய்திருக்கிறது. மஞ்சள் பேனாவால் கோடு போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள்.

அடுத்து, ஒரே பாடத்துக்கு எத்தனை புத்தகம் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். சமச்சீர் புத்தகம், ஒரு மையத்தின் குறிப்பு, டெலிகிராமில் வந்த பி.டி.எஃப். மூன்று என்று இருந்தால் முதலாவதைத் தவிர மற்றதை மூட்டை கட்டுங்கள்.

டைமரில் படித்தவருக்குத் தேர்வு அறையில் மூன்று மணி நேரம் தாங்கவில்லை

குரூப் 4இல் 180 நிமிடத்தில் 200 கேள்வி. ஒன்றுக்கு 54 விநாடி, ஓ.எம்.ஆர். வட்டம் நிரப்புவதும் அதற்குள்தான். 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பழகிய உடம்பு பத்தரை மணிக்கு இடைவேளை கேட்கும். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது சுற்றை 50க்கும், மூன்று வாரம் இருக்கும்போது 90க்கும் கொண்டுபோங்கள். கடைசி இரண்டு வாரம், நாள்விட்டு நாள், காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரைவரை ஒரு முழு மாடல் டெஸ்ட். அச்சடித்த வினாத்தாள், ஓ.எம்.ஆர். தாள், மின்விசிறி இல்லாத மூலை.

தமிழ்ப் பகுதியின் 100 கேள்வியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் பொது அறிவில் நேரத்தைத் தொலைத்துவிட்டுத் தமிழை அவசரமாக முடிக்கும் பழக்கம் மாடல் டெஸ்டில் தெரிந்தால், அதை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

தலைவலி, கண் எரிச்சல், கழுத்து வலி

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பாருங்கள். விளக்கு பின்னாலிருந்து அடித்து உங்கள் நிழலே புத்தகத்தில் விழுகிறதா என்று பாருங்கள். புத்தகத்தைச் சாய்மேசையில் வைத்தால் கழுத்து தப்பும். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் கண் பரிசோதனை, மருந்துக்கடை மாத்திரை அல்ல. கை மரத்துப்போவது, வலி தோளிலிருந்து கீழே இறங்குவது இருந்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் செய்தாகிவிட்டது, எதுவும் பலிக்கவில்லை

இங்கே இரண்டு கேள்வி. இது எப்போதிலிருந்து? பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே, வீடு, வகுப்பு, விளையாட்டு என எல்லா இடத்திலும் கவனம் இப்படித்தான் சிதறியது என்றால் ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்று மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். இணையத்தில் வருகிற பத்துக் கேள்விச் சோதனையை வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

சில மாதமாக மட்டும்தான் என்றால் இரண்டாவது கேள்வி: படிப்பில் மட்டுமா? முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் டைமரை ஓரமாக வைத்துவிட்டு உதவி கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.